ஒரு வருஷ ஒப்பந்தம்.. 0 மேட்ச்! குரோஷியா போன இந்திய 'ஸ்டாப்பர்' சந்தேஷ் ஜிங்கன் கதை

மறைமலை நகர்: ஐரோப்பாவில் கால்பந்து ஆடப் போன இந்தியர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் கோல் போடுகிறவர்கள் போயிருக்கிறார்கள், கோல் கீப்பர்கள் போயிருக்கிறார்கள். கோல் விடாமல் தடுக்கிற 'பேக்' ஆட்டக்காரர், அதுவும் நடுவில் நிற்கிற ஸ்டாப்பர், ஒரு ஐரோப்பிய நாட்டின் முதல் டிவிஷன் கிளப்பில் கையெழுத்துப் போட்டது என்றால் சட்டென்று ஞாபகத்துக்கு வருகிற பெயர் சந்தேஷ் ஜிங்கன்.

2021 ஆகஸ்ட் 18-ந் தேதி குரோஷியா நாட்டின் எச்.என்.கே. ஷிபெனிக் கிளப் அவரை எடுத்தது. அந்த நாட்டு முதல் டிவிஷன் கிளப் ஒப்பந்தம் செய்த முதல் இந்தியர் என்று எல்லா பேப்பரிலும் செய்தி வந்தது. 2022 ஜனவரியில் அவர் திரும்பி வந்துவிட்டார். நடுவில் ஷிபெனிக் அணிக்காக அவர் ஆடிய லீக் மேட்ச் எத்தனை? ஒன்றுகூட இல்லை!

என்ன நடந்தது? யார் இந்த ஜிங்கன்? இங்கே சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து காலி மனையில் பந்து உதைக்கிற பசங்களில் பாதிப்பேர் ஐ.எஸ்.எல். பார்க்கிறவர்கள். அவர்களுக்குப் பெயர் தெரியும், முழுக் கதை தெரிந்திருக்காது. இதோ முழு விவரம்.

சண்டிகர் பையன்

ஜிங்கன் பிறந்தது 1993 ஜூலை 21, சண்டிகரில். அங்குள்ள செயின்ட் ஸ்டீபன்ஸ் அகாடமியில் பந்து பழகினார். ஆறு அடிக்கு மேல் உயரம். தாடியும் நீளத் தலைமுடியுமாக டிவியில் பார்த்தால் மல்யுத்த வீரர் மாதிரி இருப்பார்.

முதல் பெரிய கிளப் யுனைடெட் சிக்கிம். இது முன்னாள் இந்திய கேப்டன் பாய்ச்சுங் பூட்டியா நடத்திய கிளப். சண்டிகர் பையன் வேலை தேடி சிக்கிம் மலைக்குப் போன மாதிரி. 2012-ல் அந்த கிளப் ஐ-லீக் முதல் டிவிஷனுக்கு ஏறியது, அடுத்த வருஷமே இறங்கிவிட்டது. பிறகு மும்பை எப்.சி.க்குப் போனார்.

2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியது. கேரளா பிளாஸ்டர்ஸ் அவரை எடுத்தது. அப்போது அவருக்கு வயது 21. அந்த முதல் சீசனிலேயே வளர்ந்து வரும் வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். அந்தக் காலத்தில் ஐ.எஸ்.எல். அணிகளில் ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டுக்காரர்கள் களத்தில் ஆடலாம். மீதி 5 இடம்தான் நம்ம ஆட்களுக்கு. கிளப் முதலாளிகள் வெளிநாட்டுப் பணத்தை எங்கே போடுவார்கள்? கோல் போடுகிறவருக்கும், நடுவில் நிற்கிற ஸ்டாப்பருக்கும்தான். அதனால் இந்திய ஸ்டாப்பர்கள் பல பேர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் ரைட் பேக், லெப்ட் பேக் ஆகிவிட்டார்கள். ஜிங்கனும் சில சமயம் ஓரத்தில் ஆடியவர்தான். ஆனால் இடத்தை மட்டும் யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

நேரு ஸ்டேடியத்தில் நடந்தது

ஜிங்கனுக்கும் நம்ம சென்னைக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 2014 டிசம்பர் 16, நேரு ஸ்டேடியம். ஐ.எஸ்.எல். அரையிறுதி இரண்டாவது மேட்ச். முதல் மேட்ச்சில் கொச்சியில் கேரளா 3-0 என்று சென்னையின் எப்.சி.யை அடித்து விட்டது. சென்னையில் திருப்பி 3 கோல் போட்டால்தான் உண்டு என்ற நிலைமை.

சென்னை போட்டது. 42-வது நிமிஷம் முதல் கோல் போட்டவர் மிகேல் சில்வெஸ்தர். பிரான்ஸ்காரர், மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடியவர், அவரும் ஒரு பேக்தான். 76-வது நிமிஷம் இரண்டாவது கோல். அது யார் போட்டது தெரியுமா? கேரளா பக்கம் நின்ற ஜிங்கன் உடம்பில் பட்டு சொந்த வலைக்குள்ளேயே போனது! சேம் சைடு கோல். கடைசி நேரத்தில் ஜெஜெ மூன்றாவது போட, ஸ்டேடியமே எழுந்து ஆடியது.

எக்ஸ்ட்ரா டைம். 117-வது நிமிஷத்தில் ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டீபன் பியர்சன் கேரளாவுக்கு ஒரு கோல் போட்டார். மொத்தக் கணக்கு 4-3. கேரளா பைனல் போனது. இங்கிருந்து லோக்கல் டிரெயின் பிடித்து பார்க் ஸ்டேஷனில் இறங்கிப் போய்ப் பார்த்தவர்கள் ராத்திரி தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்கள்.

21 வயசுப் பையன் அப்படி ஒரு சேம் சைடு கோல் அடித்துவிட்டு மேட்ச் தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேக் ஆட்டக்காரர் பிழைப்பே அப்படித்தான். 89 நிமிஷம் ஒழுங்காக நின்றதை யாரும் பேச மாட்டார்கள், ஒரு நிமிஷம் சறுக்கியதை வருஷக்கணக்கில் பேசுவார்கள்.

பைனலில் கேரளா கொல்கத்தாவிடம் கடைசி நிமிஷ கோலில் 0-1 என்று தோற்றது. 2016 பைனலிலும் கொச்சியில் சொந்த ரசிகர்கள் முன்னால் பெனால்டியில் தோற்றது. இரண்டு பைனலிலும் எதிரி ஒரே கொல்கத்தா கிளப்.

வருஷம் முழுக்க வேலை இல்லை

2014 ஐ.எஸ்.எல். அக்டோபர் 12-ல் ஆரம்பித்து டிசம்பர் 20-ல் முடிந்துவிட்டது. மொத்தம் 70 நாள். மீதி நாள் வீரர்கள் என்ன செய்வது? வேறு கிளப்புக்கு லோனில் போக வேண்டியதுதான். நம்ம பக்கம் காண்டிராக்ட் ஆட்கள் ஒரு கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் அடுத்த கம்பெனிக்குப் போகிற மாதிரி, ஜிங்கனும் ஸ்போர்ட்டிங் கோவா, டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ், பெங்களூரு எப்.சி. என்று ஐ-லீக் அணிகளுக்கு லோனில் போய் ஆடினார்.

இது ஏதோ சில்லறை விஷயம் இல்லை. பிற்பாடு குரோஷியாவில் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம்.

2015 மார்ச் 12-ந் தேதி கவுகாத்தியில் நேபாளத்துக்கு எதிராக இந்திய அணிக்கு முதல் மேட்ச் ஆடினார். உலகக் கோப்பை தகுதிச் சுற்று. இந்தியா 2-0 ஜெயித்தது. அதிலிருந்து இந்திய அணியின் நிரந்தர ஸ்டாப்பர் ஆகிவிட்டார். 2018 அக்டோபரில் சீனாவுக்கே போய் இந்தியா 0-0 டிரா செய்தது. அன்றைக்கு கேப்டன் பட்டை ஜிங்கன் கையில்தான். 2019 செப்டம்பர் 10-ல் தோகாவில் அப்போதைய ஆசிய சாம்பியன் கத்தாரை அவர்கள் ஊரிலேயே 0-0 என்று நிறுத்தினார்கள். கோல் கீப்பர் குர்பிரீத் சிங் சந்துவுக்குத்தான் அன்று பெயர் முழுக்கப் போனது. நியாயமும் அதுதான், அப்படித் தடுத்தார் மனுஷன். அவருக்கு முன்னால் நின்ற பேக் வரிசையில் ஜிங்கனும் ஒருவர்.

அடுத்த மாசமே அடி. 2019 அக்டோபரில் வங்கதேசத்துடன் மேட்ச் இருந்த நேரம். கவுகாத்தியில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஏ.சி.எல். என்று சொல்வார்களே, அதே ஜவ்வு. ஆபரேஷன். அந்த சீசனே போச்சு.

2020 மே மாதம் கேரளாவும் அவரும் பிரிந்தார்கள். 76 மேட்ச் ஆடிய வீரர் என்று மரியாதை செய்து அவருடைய 21-ம் நம்பர் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று கிளப் அறிவித்தது. அதே வருஷம் அர்ஜுனா விருது. செப்டம்பரில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. மோகன் பகான் 5 வருஷ ஒப்பந்தம் போட்டு எடுத்தது. கொரோனா காலம், எல்லா மேட்ச்சும் கோவாவில் ஆள் இல்லாத ஸ்டேடியத்தில் நடந்தது. முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்தவர் நன்றாக ஆடினார். பைனல் வரை போய் மும்பையிடம் 1-2 என்று தோற்றார்கள். 2021 ஜூலையில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் அவரை ஆண்டின் சிறந்த வீரராக அறிவித்தது.

இந்த நேரத்தில்தான் குரோஷியா அழைப்பு வந்தது. வயது 28.

ஷிபெனிக் எங்கே இருக்கு?

இத்தாலிக்கு எதிர்க்கரையில் கடலோரமாக இருக்கிற சின்ன ஊர் ஷிபெனிக். கடலும் கோட்டையும் பழைய கல் சர்ச்சுமாக டூரிஸ்டுகள் வருகிற இடம். மக்கள் தொகை 40 ஆயிரம் சொச்சம். நம்ம மறைமலை நகர், கூடுவாஞ்சேரி இரண்டையும் சேர்த்தால் அதைத் தாண்டிவிடும்.

ஆனால் அந்த நாட்டைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. குரோஷியா முழு நாட்டின் மக்கள் தொகையே 40 லட்சம் அளவுதான். நம்ம சென்னை மாநகரத்தில் பாதி அளவுக்குத்தான் வரும். அந்த நாடு 1998 உலகக் கோப்பையில் 3-ம் இடம், 2018-ல் பைனல், 2022-ல் மறுபடி 3-ம் இடம். 1998 அணியில் ஸ்டாப்பராக ஆடிய இகோர் ஸ்டிமாக்தான் 2019 முதல் 2024 வரை இந்திய அணிக்கு கோச். அதாவது ஜிங்கனுக்கே கோச்.

ஷிபெனிக் கிளப் 1932-ல் ஆரம்பித்தது. 2020-21 சீசனில் முதல் டிவிஷனில் 6-வது இடம். பெரிய கிளப் கிடையாது, அப்படி ஒன்றும் மோசமான கிளப்பும் கிடையாது. இப்படிப்பட்ட கிளப்புகளில்தான் வெளிநாட்டு வீரர் ஒருவர் நுழைய முடியும். நேரே இங்கிலாந்து போக முடியாதா என்று பசங்க கேட்பார்கள். அங்கே வேலை பெர்மிட் கொடுக்கும்போது வீரரின் நாடு உலகத் தரவரிசையில் எத்தனாவது என்று பார்ப்பார்கள். 2021-ல் இந்தியா 100-க்கு வெளியே. வீரர் எவ்வளவு நல்லா ஆடினாலும் நாட்டோட ரேங்க் காலை இழுத்துவிடும். அதனால்தான் நார்வே, டென்மார்க், குரோஷியா மாதிரி நாடுகள் வழியாகப் போகப் பார்க்கிறார்கள்.

ஸ்டாப்பருக்கு ஏன் கஷ்டம்?

கோல் போடுகிறவரை கோச் 80-வது நிமிஷம் இறக்கிப் பார்க்கலாம். போட்டால் லாபம், போடாவிட்டால் நஷ்டம் இல்லை. அப்படிப் பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் ஆடி ஆடியே அவர் அணிக்குள் வந்துவிடுவார்.

ஸ்டாப்பரை அப்படி இறக்க மாட்டார்கள். நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிற மேட்ச்சில் நடு பேக்கை எந்த கோச்சும் மாற்றுவதில்லை. யாருக்காவது அடிபடணும், இல்லை சிவப்பு அட்டை வாங்கணும். அப்போதுதான் இடம் காலி. ஆடினால் 90 நிமிஷம், ஆடாவிட்டால் பூஜ்யம் என்பதுதான் ஸ்டாப்பர் நிலைமை.

அடுத்தது பேச்சு. பக்கத்தில் நிற்கிற இன்னொரு ஸ்டாப்பர், பின்னால் கோல் கீப்பர், இரண்டு பக்கமும் பேக். இந்த நாலு பேரும் மேட்ச் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கணும். "மேலே ஏறு", "ஆளைப் பிடி", "விட்டுடு கீப்பர் எடுப்பார்" என்று அரை விநாடியில் சொல்லியாகணும். ஆப்சைடு கோடு வைக்கும்போது ஒருவர் அரை அடி பின்னால் நின்றால் போச்சு. புது நாடு, புது பாஷை, புது ஆட்கள். இது செட் ஆக பயிற்சியில் பல வாரம் வேணும்.

மூன்றாவது, ஓட்டம். ஐ.எஸ்.எல். 2020-21-ல் லீக் சுற்றில் ஒரு அணிக்கு 20 மேட்ச். குரோஷியாவில் 10 அணிகள், ஒவ்வொரு அணியோடும் 4 தடவை, ஆக மொத்தம் 36 மேட்ச். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதுவும் அங்கே சீசன் ஜூலையில் தொடங்கி மே வரை போகும். இங்கே அந்த சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிந்துவிட்டது.

ஜிங்கன் கணக்கைப் பாருங்கள். ஐ.எஸ்.எல். பைனல் 2021 மார்ச் 13. பிறகு ஜூன் மாதம் தோகாவில் இந்தியாவுக்காக தகுதிச் சுற்று மேட்ச்கள், கடைசி மேட்ச் ஜூன் 15. அதற்குப் பின் ஆகஸ்ட் 18-ல் குரோஷியா கையெழுத்து. நடுவில் இரண்டு மாசம் மேட்ச்சே இல்லை. அங்கே போய் இறங்கும்போது மற்ற வீரர்கள் எல்லாம் சீசனுக்குத் தயாராகி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இவர் ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறார்.

கெண்டைக்கால்

போய்ச் சேர்ந்த ஆரம்ப நாட்களிலேயே, முதல் மேட்ச் ஆட வேண்டிய நேரத்தில், பயிற்சியின்போது கெண்டைக்கால் தசையில் அடி.

கெண்டைக்கால்தானே என்று சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஓட ஆரம்பிக்கிற முதல் எட்டு, எகிறித் தலையால் முட்டுகிற எகிறல், பின்னால் திரும்பி ஆளைத் துரத்துகிற திருப்பம், எல்லாம் அந்தத் தசையில்தான். லேசான கிழிசல் என்றால் இரண்டு மூன்று வாரம். பெரிசு என்றால் மாசக்கணக்கு. வலி போய்விட்டது என்று அவசரப்பட்டு இறங்கினால் அதே இடத்தில் மறுபடியும் கிழியும். பிசியோதெரபி டாக்டர்கள் கிளிப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்வது இதைத்தான்.

2021 அக்டோபரில் மாலத்தீவில் இந்திய அணி சாப் கோப்பையை ஜெயித்தது. அந்த அணியில் ஜிங்கன் இல்லை. குரோஷியாவிலும் ஆடவில்லை, இந்தியாவுக்கும் ஆடவில்லை. வெளியூர் வேலைக்குப் போய் ரூமில் படுத்துக் கிடந்த கதை என்று நம்ம ஊரில் சொல்வார்களே, அதுதான்.

அதே 2021 செப்டம்பரில்தான் மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனி உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்தது. அந்த நேரம் இங்கே யாரும் குரோஷியாவைப் பற்றிக் கவலைப்படவில்லை, கேட் முன்னால்தான் கூட்டம். அதனாலேயே இந்தச் செய்தி நம்ம பக்கம் பல பேர் கண்ணில் படாமலே போயிருக்கும்.

2022 ஜனவரியில் குரோஷியா ஒப்பந்தம் பாதியில் முடிந்தது. ஜிங்கன் மறுபடி ஏ.டி.கே. மோகன் பகானுக்கே திரும்பினார்.

வெளிநாட்டுக்குப் போய் ஒரு மேட்ச்கூட ஆடாமல் வந்துவிட்டார் என்று கேலி பேசியவர்கள் உண்டு. இந்த நிருபருக்கு அந்தக் கேலி நியாயமாகப் படவில்லை. கையில் 5 வருஷ ஒப்பந்தம், ஆண்டின் சிறந்த வீரர் விருது, உட்கார்ந்த இடத்தில் சம்பளம். அதை வைத்துக்கொண்டு 28 வயதில் தெரியாத ஊருக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று கிளம்பியவரை என்னவென்று கேலி செய்வது? தப்பு என்று சொல்வதானால் ஒன்று சொல்லலாம், 22 வயதில் போயிருக்கணும். ஆனால் 22 வயதில் அவரை யார் கூப்பிட்டார்கள்?

வாயால் வந்த வினை

ஆனால் திரும்பி வந்ததும் அவர் செய்த ஒரு காரியத்துக்கு வக்காலத்து வாங்க முடியாது. 2022 பிப்ரவரி 19-ல் தன் பழைய அணி கேரளாவோடு ஆடிய மேட்ச் 2-2 டிரா. முடிந்து உள்ளே போகும்போது, எதிரணியைக் கேலி செய்ய பெண்களை மட்டம் தட்டுகிற மாதிரி ஒரு வார்த்தை விட்டார். கேமராவில் பதிவாகிவிட்டது. ஊரே கொந்தளித்தது. யாருடைய சட்டையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக் கொண்டாடினார்களோ அதே கேரள ரசிகர்கள்தான் அதிகமாகக் கோபப்பட்டார்கள். ஜிங்கன் மன்னிப்புக் கேட்டார்.

இந்திய பெண்கள் அணியின் கேப்டனாக இருந்த ஆஷாலதா தேவியும் பேக் ஆட்டக்காரர்தான். ஜிங்கனுக்குப் பல வருஷம் முன்பே, 2015-ல், மாலத்தீவு கிளப்புக்குப் போய் ஆடி வந்தவர். நம்ம மதுரையின் சேது எப்.சி. பெண்கள் அணி 2019-ல் இந்திய பெண்கள் லீக்கையே ஜெயித்தது. இதெல்லாம் தெரிந்தவர்கள் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள்.

மற்றவர்கள் கதை

1936-ல் கொல்கத்தாவின் முகமது சலீம் ஸ்காட்லாந்து செல்டிக் கிளப்புக்குப் போய் காலில் வெறும் துணிக்கட்டோடு ஆடினார். பூட்ஸ் கிடையாது. 1999-ல் பூட்டியா இங்கிலாந்தின் பரி கிளப் போனார். சுனில் சேத்ரி 2010-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி, 2012-ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் 'பி' அணி. கோல் கீப்பர் சுப்ரதா பால் 2014-ல் டென்மார்க் போனார், முதல் அணிக்கு ஒரு மேட்ச்கூட ஆடாமல் திரும்பினார். நன்றாக நிலைத்தவர் குர்பிரீத்தான். 2014-ல் நார்வேயின் ஸ்டாபெக் போய் சில வருஷம் பொறுத்திருந்து, 2016-ல் யூரோப்பா லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். போகும்போது அவருக்கு வயது 22.

தமிழர்களில் என்றால், சிங்கப்பூரின் வி.சுந்தரமூர்த்தி 1980-களின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்பில் ஆடியவர். அவர் முன்கள ஆட்டக்காரர்.

அங்கிருந்து இங்கே வந்தவர்கள்

நம்ம ஆள் அங்கே போய் நிலைக்க முடியவில்லை. அங்கிருந்து இங்கே வந்த பேக்குகள் என்ன செய்தார்கள்? சென்னையின் எப்.சி.க்கு 2014-ல் வந்தவர்கள் பட்டியலே தலை சுற்றும். 2006 உலகக் கோப்பை ஜெயித்த இத்தாலி அணியின் மார்கோ மட்டராசி, அலெசாண்ட்ரோ நெஸ்டா, பிரான்சின் சில்வெஸ்தர். ஆனால் அவர்கள் எல்லாம் ஆட்டம் முடிகிற வயதில் வந்தவர்கள். மட்டராசி கோச்சாகவும் இருந்து 2015-ல் கோப்பையை வாங்கிக் கொடுத்தார்.

சென்னை ரசிகர்கள் நெஞ்சில் நிற்கிற வெளிநாட்டு ஸ்டாப்பர் வேறு ஒருவர். பிரேசில்காரர் மெயில்சன் ஆல்வெஸ். ஊர் உலகத்துக்குத் தெரியாத பெயர். 2018 மார்ச் 17, பெங்களூரு கன்டீரவா ஸ்டேடியம், ஐ.எஸ்.எல். பைனல். 9-வது நிமிஷமே சேத்ரி கோல் போட்டு பெங்களூரு முந்தியது. 17-வது நிமிஷம் கார்னர் பந்தை மெயில்சன் தலையால் முட்டினார், கோல். 45-வது நிமிஷம் மறுபடி கார்னர், மறுபடி தலை, மறுபடி கோல்! கடைசியில் 3-2 என்று சென்னை கோப்பையைத் தூக்கியது. பைனலில் ஒரு பேக் இரண்டு கோல் போட்டு ஜெயிப்பது என்பது எப்போதோ நடக்கிற சமாச்சாரம்.

அந்த அணியில் நம்ம வியாசர்பாடி பையன் தனபால் கணேஷும் இருந்தார். அதற்கு நாலு நாள் முன்னால் நடந்த அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக அவரும் ஒரு கோல் போட்டார். அடுத்த சீசனில் மெயில்சன்தான் கேப்டன். அணி பட்டியலில் கடைசி இடம்! 18 மேட்ச்சில் 9 பாயிண்ட்தான். வெளிநாட்டில் வேலை பார்க்கிற பேக்குக்கு ஒரு வருஷம் மாலை, மறு வருஷம் டிக்கெட். அதற்குப் பிறகு அவர் இங்கே இல்லை.

திரும்பி வந்த பிறகு

ஜிங்கன் குரோஷியாவோடு முடிந்து போகவில்லை. 2022 ஜூனில் கொல்கத்தா சால்ட் லேக்கில் நடந்த ஆசியக் கோப்பை தகுதிச் சுற்றில் கம்போடியா, ஆப்கானிஸ்தான், ஹாங்காங் மூன்றையும் இந்தியா ஜெயித்தது. மூன்று மேட்ச்சில் வாங்கிய கோல் ஒன்றே ஒன்று. பேக் வரிசையில் ஜிங்கன் இருந்தார். அந்த வருஷம் பெங்களூரு எப்.சி.க்கு மாறி டூரண்ட் கோப்பை ஜெயித்தார். 2023 மார்ச்சில் ஐ.எஸ்.எல். பைனலில் பெனால்டியில் தோல்வி, ஜெயித்தது தன் பழைய கிளப் ஏ.டி.கே. மோகன் பகான். ஐ.எஸ்.எல். பைனல் தோற்பது இவருக்கு இது நாலாவது தடவை.

அதே மாதம் இம்பாலில் கிர்கிஸ்தானுக்கு எதிராக இந்தியாவுக்கு கோல் போட்டார். 2023-ல் எப்.சி. கோவா போனார். 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை, சிரியாவோடு ஆடும்போது மறுபடி முழங்கால். அந்த சீசனும் பாதியில் போச்சு. 2019-ல் முழங்கால், 2021-ல் கெண்டைக்கால், 2024-ல் மறுபடி முழங்கால். பேக் ஆட்டக்காரர் சம்பளத்தில் பாதி கால் வாடகைதான் போல.

2025-லும் ஓயவில்லை. ஆகஸ்ட் 29-ல் தஜிகிஸ்தானில் நடந்த காபா நேஷன்ஸ் கோப்பையில் அந்த நாட்டையே இந்தியா 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் போட்டவர்கள் பேக்குகள்தான். ஒன்று அன்வர் அலி, இன்னொன்று ஜிங்கன். அடுத்து ஈரான் மேட்ச்சில் முகத்தில் அடிபட்டு அவர் தொடரை விட்டே வெளியே வந்தார்.

பிறகு அக்டோபர் 9, சிங்கப்பூர். ஆசியக் கோப்பை தகுதிச் சுற்று. 47-வது நிமிஷத்தில் ஜிங்கனுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை, அப்படியே சிவப்பு. 10 பேரோடு ஆடிய இந்தியா 90-வது நிமிஷத்தில் ரஹீம் அலி போட்ட கோலில் 1-1 டிரா செய்து தப்பியது. ஐந்து நாள் கழித்து திருப்பி ஆட வேண்டிய மேட்ச் கோவா பத்தோர்டா ஸ்டேடியத்தில். அது ஜிங்கனின் கிளப் மைதானம். சிவப்பு அட்டை வாங்கியதால் அவர் அன்று ஆட முடியாது. சாங்தே முதலில் கோல் போட்டும் இந்தியா 1-2 என்று தோற்று, ஆசியக் கோப்பை வாய்ப்பை இழந்தது.